முன்பணம் கட்டிவிட்டேன், மகனை அனுப்பலாமா?

திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு 15 வயது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு அவனுக்கு எட்டு வயது. ஓடுகள் பறந்தபோது தாத்தா அவனைக் கட்டிலுக்கு அடியில் இழுத்து அணைத்துக்கொண்டு விடியும்வரை கிடந்தார். தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்தது, கடன் ஏறியது. மறு வருடம் தந்தை சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். அதற்கடுத்த வருடம் தாத்தா இறந்தார். ஐந்தாம் வகுப்புவரை பையன் துறுதுறுப்பானவன், அவ்வளவுதான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், ஆனால் கணக்கை வாயாலேயே சொல்லிவிடுவான். ஆறாம் வகுப்பில் ‘வாசிக்கத் தெரியாதவன்’ என்று பெயர் விழுந்தது. எட்டாம் வகுப்பில் உதட்டில் அதக்கும் புகையிலை, ஒன்பதாம் வகுப்பில் அறுவடை இயந்திரத்தோடு வந்த ஆட்களுடன் மது. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வோடு பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டான். தாயின் சங்கிலியை எடுத்து விற்றான். கைப்பேசியைத் தர மறுத்ததற்காக டி.வி.யை உடைத்தான். பாட்டியைத் தள்ளிவிட்டான். தாயை இருமுறை அடித்திருக்கிறான். பதினொரு வயதுத் தங்கை இரவில் அறையைத் தாழிட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். தாய்மாமன் அவனைத் தென்னை மரத்தில் கட்டிவைத்து அடித்தார். அதன் பிறகு இரண்டு வாரம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, பிறகு முன்பைவிட மோசமானான்.

உறவினர் ஒருவர், வேறு மாவட்டத்தில் உள்ள ‘மறுவாழ்வு இல்லம்’ ஒன்றைச் சொன்னார். மாதம் 18,000 ரூபாய், குறைந்தது ஆறு மாதம். முதல் மூன்று மாதம் பார்க்கவோ போனில் பேசவோ கூடாது. அதிகாலையில் வேனுடன் நான்கு பேர் வந்து அழைத்துப்போவார்கள், பையனிடம் முன்கூட்டியே சொல்லக் கூடாது. 10,000 ரூபாய் முன்பணம் கட்டியாயிற்று. மாசி பிறந்ததும் வேன் வரும்.

‘அனுப்பலாமா? பெற்றவள் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்களே, உண்மையா? தெரிந்த எஸ்.ஐ. ஒருவரை வைத்து மிரட்டிப் பார்க்கலாமா? நான் வளர்த்த விதம்தான் காரணமா?’ என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். ‘கார்த்திகையில் ஒருநாள் பூச்சிமருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினான், மிரட்டத்தான்’ என்ற வரி. எட்டுப் பக்கங்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அதைத்தான். மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசுவோம்.

‘மிரட்டத்தான்’ என்று நாம் எப்படி முடிவு செய்கிறோம்? குடிக்கவில்லை என்பதால். ஆனால் இந்த வயதில் விஷத்தைக் கையில் எடுப்பவர்களில் பலர் அதற்குச் சில நிமிடங்கள் முன்புவரை எந்த முடிவும் எடுக்காதவர்கள். கோபமும் அவமானமும் உச்சத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே உயிர் நிற்கிறது. நம் பகுதியில் மருந்து டப்பாவை மாட்டுக்கொட்டகை இறவாணத்திலும் திண்ணை மூலையிலும் செருகி வைப்பது வழக்கம். இன்றே அவற்றை வீட்டைவிட்டு அகற்றுங்கள். அக்கம்பக்கத்தில் பூட்டி வைக்கும் வசதி உள்ளவரிடம் கொடுத்துவையுங்கள். மாமியாரின் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். ஒருவேளை அவன் எதையாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீரோ சாணக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். 108-ஐ அழையுங்கள், டப்பாவையும் கூடவே எடுத்துப் போங்கள். சாக வேண்டும் என்று மறுபடி சொன்னால் நடு இரவாக இருந்தாலும் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இந்த ஒரு வரியாலேயே உங்கள் முதல் கேள்விக்கான என் பதில் முடிவாகிவிட்டது. அந்த வேனில் அனுப்பாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறையாவது எட்டிப்பார்த்த பிள்ளையை, முன்பின் தெரியாத நான்கு பேர் தூக்கத்தில் அள்ளிப்போய், மூன்று மாதம் தாயின் குரலே கேட்காத இடத்தில் வைப்பது சிகிச்சையாக இருக்க முடியாது.

அதே சமயம், அவனை எங்கும் சேர்க்கவே தேவையில்லை, அன்பு காட்டினால் போதும் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட மாட்டேன். அடி வாங்கிக்கொண்டிருப்பவர் நீங்கள். தாழிட்ட அறைக்குள் ஒரு சிறுமி இருக்கிறாள். சில வாரங்கள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டிய தேவை உங்கள் மகனுக்கு இருக்கக்கூடும் என்றே நினைக்கிறேன். ஆனால் அவனுக்கு இருப்பது என்ன என்று இதுவரை ஒருவரும் பார்க்கவே இல்லையே. பூசாரி பார்த்தார், ஜோசியர் பார்த்தார், மாமன் அடித்துப் பார்த்தார். மனநல மருத்துவர் பார்த்ததாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை.

அடங்காத பிள்ளை என்ற ஒரு சொல்லுக்குள் என்னென்னவோ ஒளிந்திருக்கும். கணக்கை வாயால் சொல்பவன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான் என்றால் டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடு இருக்கலாம். சிறுவயதிலிருந்தே துறுதுறுப்பு என்றால் கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. இருக்கலாம். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் அடிதடியாகவும் வருவதுண்டு. கட்டிலுக்கு அடியில் தாத்தாவின் நெஞ்சோடு ஒட்டிக்கிடந்த அந்த இரவு, அடுத்தடுத்து அப்பாவும் தாத்தாவும் இல்லாமல் போனது, இவையெல்லாம் அந்தச் சின்ன வயதில் எங்கே போய் உட்கார்ந்தன என்று யாராவது அவனைக் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன். ஆறாம் வகுப்புக்குப் பிறகு ஒரு பையன் சட்டென்று மாறினால், பெரியவர் யாராவது அவனிடம் தவறாக நடந்துகொண்டார்களா என்பதையும் மனநல மருத்துவர்களான நாங்கள் விசாரிப்போம். ஆண் பிள்ளைகள் இதைச் சொல்லவே மாட்டார்கள். மற்றவர்களின் உரிமையைத் தொடர்ந்து மீறி நடப்பதை ‘நடத்தைக் கோளாறு’ என்று நாங்கள் வகைப்படுத்துவது உண்மைதான். ஆனால் அந்தப் பெயருக்கு அடியில் வேறென்ன இருக்கிறது என்று பார்ப்பதில்தான் சிகிச்சையே தொடங்குகிறது.

நம்பிக்கைக்கும் காரணம் இருக்கிறது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 73-ம் ஆண்டுகளில் பிறந்த சுமார் 1,000 குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்த ஆய்வுக் குழுவில் பணியாற்றிய டெர்ரி மாஃபிட் என்ற உளவியலாளர் 1993-ல் எழுதியது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். மூன்று நான்கு வயதிலிருந்தே முரட்டுத்தனம் தொடர்ந்து வரும் பிள்ளைகள் ஒரு வகை, பதின்ம வயதில் மட்டும் தடம் புரள்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினரே அதிகம். அவர்களில் பெரும்பாலோர் வயது ஏறும்போது திரும்பி வந்துவிடுகிறார்கள், இடையில் பள்ளியும் உடம்பும் பெயரும் சேதமாகாமல் இருந்தால். ஐந்தாம் வகுப்புவரை சாதாரணமாக இருந்த உங்கள் மகன் இரண்டாம் வகைக்கே அருகில் நிற்கிறான்.

கையெழுத்துப் போட்டால் போதுமா?

போதாது. இதில்தான் உங்களைப் போன்ற தாய்மாரை ஏமாற்றுகிறார்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவரை மனநல நிலையத்தில் சேர்ப்பதைக் குறிப்பிட்ட நடைமுறைப்படி மட்டுமே அனுமதிக்கிறது. அச்சட்டத்தின் 87-வது பிரிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், சரி. அதன் பிறகு இரண்டு நிபுணர்கள், அவர்களில் ஒருவராவது மனநல மருத்துவர், சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ பிள்ளையைத் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். தங்கிச் சிகிச்சை பெறும் அளவுக்கு நோய் கடுமையாக இருக்கிறது, வெளியிலிருந்து செய்யக்கூடியவை பலிக்கவில்லை அல்லது பொருந்தாது என்று இருவரும் முடிவுக்கு வர வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துத் தங்கவைக்கக் கூடாது. சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாட்களைத் தாண்டினால் வாரியம் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும்.

முக்கியமானது இன்னும் ஒன்று. பிள்ளை உள்ளே இருக்கும் காலம் முழுவதும் பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் ஒருவரோ கூடவே தங்கியிருக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. ‘மூன்று மாதம் வரக் கூடாது’ என்பதற்கு நேர் எதிரானது இது. சங்கிலியால் கட்டுவது, தனியறையில் அடைப்பது, கட்டாயமாக மொட்டை அடிப்பது எல்லாவற்றுக்கும் தடை இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே மின்னதிர்வுச் சிகிச்சைக்கும் தடை, மனநல மருத்துவர் அவசியம் என்று கருதி, பெற்றோர் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் இருந்தால் தவிர.

இவ்வளவு கறாரான சட்டம் ஏன் வந்தது என்பது நம் மாநிலத்துக்காரர்களுக்கு நினைவிருக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்களையும் குடும்பத்தார்தான் கொண்டுபோய் விட்டிருந்தார்கள், குணமாகட்டும் என்று.

‘நாங்கள் மருத்துவமனை இல்லை, ஒழுக்கம் கற்றுத்தரும் இல்லம்’ என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லமாகப் பதிவு செய்திருக்க வேண்டும், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் கண்காணிப்பு இருக்க வேண்டும். மனநல நிலையம், குழந்தைகள் இல்லம் என்ற இரண்டு பதிவும் இல்லை என்றால் அது வெறும் அடைப்பு. ‘என்ன நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று முத்திரைத்தாளில் உங்களிடம் வாங்கும் கையெழுத்து, அங்கே நடக்கும் அடியையோ சித்திரவதையையோ சட்டப்படி சரியாக்காது. முன்பணத்தை எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 10,000 ரூபாய் போய்விடுமே என்பதற்காகப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

அங்கே போனவர்கள் திரும்பி வந்தபோது

பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். இதே போன்ற ஓர் இடத்தில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தவன். பெற்றோர் மகிழ்ச்சியோடு இருந்தார்கள், ‘இப்போது எதிர்த்தே பேசுவதில்லை டாக்டர், தூக்கம்தான் வரவில்லை’ என்றார்கள். நான் அவனை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது நாற்காலியின் விளிம்பில் அரைகுறையாக உட்கார்ந்து, வலது கணுக்காலை இடது காலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். காற்சட்டையை உயர்த்திப் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றி வளையம்போல் தோல் கறுத்துத் தடித்திருந்தது. என் அறையில் மின்விசிறி சத்தம் கூடிய ஒவ்வொரு முறையும் கதவைத் திரும்பிப் பார்த்தான். நான்கு மாதம் கழித்து அவன் மறுபடி குடிக்கத் தொடங்கினான். இந்த முறை, உள்ளே பழகிய மூன்று பேரோடு சேர்ந்து.

கடைசியாகச் சொன்னது தற்செயல் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் சிறுவர்களுக்கு ஆலோசனை, உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களின் நிலை, பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை முகாமுக்குப் போனவர்கள் இன்னும் மோசம். தடம் புரண்ட பிள்ளைகளை மட்டும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்தால் ஒருவருக்கொருவர் ஆசிரியராகிவிடுகிறார்கள். அதே நாட்டில், அதிகாலையில் ஆள் அனுப்பிப் பிள்ளைகளைத் தூக்கிப்போகும் விடுதிகள் பெரிய வியாபாரமாக வளர்ந்தன. அங்கே அடைபட்டிருந்தவர்கள் பெரியவர்களாகி அவர்களுடைய நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்ன பிறகு, 2024 டிசம்பரில்தான் இதற்கெதிராக ஒரு தேசியச் சட்டம் வந்தது.

நம் நாட்டில் வேறொரு வழி முன்பே இருக்கிறது, அதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி. அந்த முறையைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் குழந்தைகள் மனநலப் பிரிவிலும் பெற்றோர் பிள்ளையோடு தங்குகிறார்கள். பையன் திரும்பி வரப்போவது அதே வீட்டுக்கு, அதே தாயிடம், அதே தெருவுக்கு. அவனை மட்டும் மாற்றி அனுப்பினால் அந்த மாற்றம் ஒரு மாதம் தாங்காது. உங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் எந்த இடத்தையும் நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு, சட்டத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய காரணம்.

எப்போது உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும்?

உயிருக்கு ஆபத்து இருக்கும்போது. மதுவோ மாத்திரையோ நிறுத்தும்போது உடல் நடுங்கி வலிப்பு வரும் நிலை இருந்தால். வீட்டில் அடிதடி கட்டுக்குள் வராதபோது. என்ன நோய் என்று வெளியிலிருந்து பார்த்துத் தெளிவாகாதபோது. சாதாரணமாக இரண்டு அல்லது மூன்று வாரங்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் தேவையில்லை. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். உங்கள் வட்ட மருத்துவமனையில் எந்தக் கிழமை என்று விசாரித்து, இந்த வாரமே போங்கள்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. நடத்தைக் கோளாற்றுக்கென்று தனியாக ஒரு மாத்திரை கிடையாது. ஏ.டி.எச்.டி., மனச்சோர்வு இவற்றுக்கு மருந்து உண்டு, நன்றாக வேலை செய்யும். கடும் ஆவேசத்தைத் தணிக்கக் குறுகிய காலத்துக்கு ரிஸ்பெரிடோன் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்போம். உங்கள் நாத்தனார் சொன்னபடி குழம்பில் கலந்து எதையும் கொடுக்காதீர்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம் என்று விற்கும் பொடிகளில் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால், அதன் மேல் மது போகும்போது ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

எஸ்.ஐ. நாலு தட்டு தட்டினால்?

வேண்டாம். மரத்தில் கட்டிவைத்து அடித்ததில் என்ன நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சட்டமும் இடம் தராது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரைக் காவல் நிலைய அறையில் அடைக்கவோ விலங்கிடவோ கூடாது, குற்றம் என்றால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அவன் உங்களையோ மகளையோ தாக்கும் நேரத்தில் காவல்துறையைப் பாதுகாப்புக்காக அழைப்பது வேறு. அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, கூச்சப்படவே வேண்டாம். அப்படி அழைக்கும்போது ‘மகனுக்கு மனநலச் சிகிச்சை தேவை, மருத்துவமனைக்குக் கொண்டுபோக உதவுங்கள்’ என்று சொல்லுங்கள். எஸ்.ஐ.யிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், பதினைந்து வயதுப் பையனுக்கு மதுவும் புகையிலையும் விற்பது யார் என்று கேட்கச் சொல்லுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு அதற்கு ஏழு ஆண்டுவரை சிறை என்கிறது.

நீங்கள் வளர்த்த விதமா?

இல்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு சுழல் உருவாகியிருக்கிறது, அதை நிறுத்த உங்களால் முடியும். கைப்பேசி கேட்டான், தரவில்லை. கத்தினான், தரவில்லை. அரிவாள்மனையை எடுத்தான், தந்துவிட்டீர்கள். அந்த நிமிடத்தில் தந்தது சரிதான், உயிர் முக்கியம். ஆனால் அவன் கற்றுக்கொண்டது அரிவாள்மனை வரை போனால் கிடைக்கும் என்பதை. நீங்கள் கற்றுக்கொண்டது தந்துவிட்டால் அடங்குவான் என்பதை. ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் பல வீடுகளுக்குள் உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தது இதைத்தான், அவர் வழியில் வந்த பெற்றோர் பயிற்சிகள் பலன் தருவது நிரூபணமான விஷயம். அந்தப் பயிற்சி பெற்றோருக்கானது. எனவே பையன் மருத்துவரிடம் வர மறுத்தாலும் நீங்கள் தனியாகப் போய்த் தொடங்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

அதுவரை வீட்டில் இரண்டே விதிகள் வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் அடிக்கக் கூடாது. இரவு ஒன்பது மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். தலைமுடி, குளியல், டம்ளரைக் கழுவாமல் வைப்பது, இவற்றையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மாமியார் ரகசியமாகக் கொடுக்கும் ஐம்பது ரூபாய் நிற்க வேண்டும். அவரிடம் கோபப்படாமல், பாட்டி என்ற பாசத்தில்தான் தருகிறார் என்பதை ஒப்புக்கொண்டே பேசுங்கள். அவன் கத்தும்போது பதில் வேண்டாம், அறிவுரை வேண்டாம், மகளோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். எந்த வீடு, எந்த வாசல் வழியாக என்று இப்போதே பேசி வையுங்கள். இஸ்ரேலைச் சேர்ந்த ஹாயிம் ஓமர், இந்த விஷயத்தில் இரும்பை ஆறிய பிறகுதான் அடிக்க வேண்டும் என்பார். மறுநாள் காலையில் அவன் சாப்பிட்ட பிறகு, இரண்டே வாக்கியம்: ‘நேற்று நீ செய்ததை நான் ஏற்க மாட்டேன். உன்னை விட்டுவிடவும் மாட்டேன்.’ அதற்கு மேல் பேசாதீர்கள். அவன் முறைத்துவிட்டுப் போகட்டும்.

பத்தாம் வகுப்புத் தேர்வை இந்த வருடம் அவன் தவறவிட்டால் உலகம் முடியாது. துணைத்தேர்வு இருக்கிறது, தனித்தேர்வராகவும் எழுதலாம். கற்றல் குறைபாடு என்று சான்று கிடைத்தால் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. ஏழாம் பக்கத்தில், பழுதான தண்ணீர் மோட்டாரை அவனே பிரித்துப் பூட்டி ஓடவைத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று யாராவது அவனைப் பாராட்டினார்களா என்று எழுதவில்லை. மருத்துவரிடம் அந்த மோட்டார் கதையை மறக்காமல் சொல்லுங்கள். பழைய நோட்டுப் புத்தகங்கள் இரண்டு மூன்றையும் எடுத்துப் போங்கள், எழுத்தைப் பார்த்தாலே நிறையத் தெரியும்.

உங்கள் கணவர் வீடியோவில் வந்து திட்டுவதை நிறுத்திவிட்டு, முடிந்தால் ஒரு மாத விடுப்பில் வரட்டும். ஆறு மாத இல்லத்துக்கு ஆகும் 1,08,000 ரூபாயில் விமானச் செலவு போக மிச்சமே இருக்கும். மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் மகனோடு தங்க ஒருவர், மகளோடும் மாமியாரோடும் வீட்டில் ஒருவர் வேண்டும். அப்பா மருத்துவமனையில் தங்கினால் நல்லது. ஆறு வருடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்தாற்போல் மூன்று வாரம் ஓர் அறையில் இருந்ததே இல்லை.

கடிதத்தின் கடைசி வரியில், வேன் வரும் காலையில் அவனுக்குப் பிடித்த இறால் தொக்கு செய்து கொடுத்தால் சந்தேகப்படுவானோ என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவமனைக்குப் புறப்படும் காலையில் செய்யுங்கள். முந்தைய நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள்: எங்கே போகிறோம், எந்த டாக்டர், நீங்களும் உங்களுக்காகப் பேசப்போகிறீர்கள், மாலைக்குள் வீடு திரும்புவோமா அல்லது தங்க வேண்டியிருக்குமா என்பதை அங்கே அவன் முன்னிலையில்தான் முடிவு செய்வார்கள், எல்லாவற்றையும். சொல்லிவிட்டுச் செய்யுங்கள், நீங்களும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.